எரிந்த தியேட்டர்களுக்கும் அணைந்த மேடைகளுக்கும் ஒரு பலகை: கொழும்பு மாநகர சபைக்குத் திறந்த மடல்

கொழும்பு மாநகர முதல்வர் அவர்களுக்கும், மாநகர சபை உறுப்பினர்களுக்கும், மாநகர ஆணையாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நகரத்து மக்கள் பொழுது சாய்ந்த பிறகு கூடிச் சிரித்த, படம் பார்த்த, பாட்டுக் கேட்ட, ஆடிய இடங்களில் பெரும்பாலானவை இப்போது இல்லை. அவை நின்ற ஒவ்வொரு இடத்திலும் மும்மொழியிலும் ஒரு பலகை வைக்க வேண்டும். அங்கே என்ன இருந்தது என்று மட்டும் எழுதினால் போதாது. அது எப்படி இல்லாமல் போனது என்பதையும் ஒளிக்காமல் எழுத வேண்டும்.

இதை நான் சபையிடம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஹோட்டல்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லிக்கொள்ளும். அவற்றுக்கு விருந்தினர் உண்டு, விளம்பரம் உண்டு. ஆனால் மருதானைத் தியேட்டரில் கலரி டிக்கெட் வாங்கி மரவாங்கில் இருந்தவருக்கும், கார்னிவலில் மோட்டார் சைக்கிள் சுற்றும் மரணக் கிணற்றுக்கு மேலே பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்திருந்தவருக்கும் கதை சொல்ல வேறு யாரும் இல்லை. அவர்களுக்கு இருப்பது மாநகர சபைதான்.

இப்போது மிச்சம் இருப்பவை பெரும்பாலும் பெயர்கள். பஞ்சிகாவத்தைப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் ‘கமினி ஹோல்’ என்று சொல்லித்தான் இறங்குகிறார்கள். அங்கே ஹோலைக் காணவில்லை. சொல்லி இறங்குகிற இளம் பிள்ளைகளில் பலருக்கு அது ஒரு தியேட்டரின் பெயர் என்பதே தெரியாது. கொம்பனித்தெருவில் எம்பயர் என்ற பெயர் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறது. எம்பயர் தியேட்டர் இல்லை. பம்பலப்பிட்டியில் பழைய மெஜஸ்டிக் தியேட்டர் நின்ற நிலத்தில்தான் மெஜஸ்டிக் சிற்றி (எம்.சி.) என்ற கடைத்தொகுதி எழுந்தது. அங்கே மேல்மாடியில் மறுபடி படம் ஓடுகிறது, அந்த மட்டில் சந்தோஷம். ஆனாலும் எம்.சி.யில் கூடி நிற்கும் பிள்ளைகளிடம் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

மெஜஸ்டிக்கைப் பற்றிப் பேசினால் சித்தம்பலம் ஏ. கார்டினரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 1928இல் சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய யாழ்ப்பாணத்துத் தமிழர் அவர். இந்த நாட்டில் படம் காட்டுவதை ஒரு முறையான தொழிலாக ஆக்கியவர்களில் முதன்மையானவர். கோட்டையில் ரீகல் தியேட்டர் இருக்கும் பக்கம், பேர வாவியை ஒட்டிப் போகும் வீதிக்கு அவருடைய பெயர்தான். வீதிப் பலகையில் மூன்று மொழியிலும் பெயர் சரியாக இருக்கிறது. அவர் யார் என்று சொல்ல ஒரு வரி கூட அதற்குக் கீழே இல்லை. ஒரு வரிதான். அதற்குப் பெரிய செலவு வராது.

மருதானைக்கு வருவோம். எனக்குக் கொழும்பின் இரவு என்றால் முதலில் மருதானைதான். 1911 டிசம்பரில் டவர் ஹோல் திறந்தபோது இந்த நகரத்தின் உழைக்கும் மக்களுக்கு இரவில் போய் இருக்க ஒரு பெரிய மண்டபம் கிடைத்தது. அங்கே நடந்தவை சிங்கள நூர்த்தி நாடகங்கள். ஆனால் அந்த நூர்த்தி எங்கிருந்து வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பம்பாயிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய பார்சி நாடகக் கொம்பனிகளின் மெட்டும் மேடையும் உடுப்பும் சேர்ந்து பிறந்தது அது. அதற்கும் முந்திய, ‘நாடகம’ என்ற சிங்கள மேடை வடிவத்துக்கு நம்முடைய கூத்துத்தான் மூலம். நூர்த்தி நாடகாசிரியர் ஜோன் டி சில்வாவின் நாடகங்களுக்கு இசை அமைத்த விசுவநாத் லவ்ஜி இந்தியாவிலிருந்து வந்தவர். இன்றைக்குத் தனித்தனியாகப் பிரித்து வைத்துப் பேசுகிறோமே, அந்த நாட்களில் மருதானை மேடையில் அப்படி எதுவும் தனித்து நிற்கவில்லை.

சினிமாவிலும் இதே கதைதான். முதல் சிங்களப் பேசும் படம் 1947 ஜனவரி 21ஆம் திகதி மருதானை கிரவுண் தியேட்டரில் திரைக்கு வந்தது. அதைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். சிங்கள சினிமாவின் பிறந்தநாளாக அந்தத் திகதியை எல்லோரும் கொண்டாடுகிறார்கள், கொண்டாட வேண்டும். அந்த இடத்தைக் காட்டுவதற்கு மருதானையில் என்ன இருக்கிறது?

டவர் ஹோலும் எல்பின்ஸ்டனும் தப்பின. 1978இல், ஆர். பிரேமதாச பிரதமராக இருந்தபோது, டவர் ஹோலைப் புதுப்பித்து அதற்கென்று ஒரு மன்றமும் அமைத்தார்கள். படம் ஓடிய எல்பின்ஸ்டனும் நாடக மேடையாக நிலைத்துவிட்டது. மனம் வைத்தால் காப்பாற்றலாம் என்பதற்கு இந்த இரண்டும் உங்கள் கண்ணுக்கு முன்னால் நிற்கிற சாட்சி.

அடுத்தது தமிழ்ப் படம் ஓடிய இடங்கள். கொட்டாஞ்சேனையில் செல்லமஹால், மருதானையில் கெப்பிட்டல், வெள்ளவத்தையில் பிளாஸா, பாமன்கடையில் ஈரோஸ். சில இடங்கள் உருமாறிவிட்டன, சிலவற்றின் சுவடே இல்லை. சென்னையில் வெளிவந்த படப்பெட்டி இங்கே வர மாதக்கணக்காகும். ஆனால் வந்துவிட்டால் கட்-அவுட், மாலை, பட்டாசு என்று வீதியே நிறைந்துவிடும். சிங்கள நண்பர்களும் முஸ்லிம் நண்பர்களும் அதே வரிசையில் நின்று அதே டிக்கெட்டை வாங்கினார்கள். கதை புரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை, பாட்டும் சண்டையும் எல்லோருக்கும் புரிந்தது. என் பெரியம்மா சொல்வார்: பிளாஸாவில் மெட்னிக்குப் போவதென்றால் வெள்ளவத்தை ஒழுங்கைகளிலிருந்து பெண்கள் கூட்டமாகக் கிளம்புவார்களாம். பின்னேரம் சமைக்க நேரமில்லாத நாளில் வீட்டு ஆண்கள் சைவக் கடையில் இடியப்பம் வாங்கிக்கொண்டு வருவார்களாம். அப்பாவுக்கு எப்போதும் 9.30 காட்சிதான். படம் விட்டு நள்ளிரவு தாண்டி, காலி வீதியால் பேசிக்கொண்டே நடந்து வருவதுதான் அவருக்குப் படத்தை விடப் பெரிய சுகம்.

1983க்குப் பிறகு அவர் 9.30 காட்சிக்குப் போகவே இல்லை.

இனிச் சொல்லப் போவதுதான் இந்த மடலின் மையம். தயவுசெய்து இதைப் பொறுமையாக வாசியுங்கள். ஊரில் தியேட்டர்கள் மறைந்தால் காலம் மாறிவிட்டது, டிவி வந்துவிட்டது என்று சொல்வது வழக்கம். அதிலும் உண்மை உண்டு. 1979இல் சுயாதீன தொலைக்காட்சி வந்தது, 1982இல் ரூபவாஹினி வந்தது, அப்புறம் வீட்டுக்கு வீடு வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்தோம். ஆனால் கொழும்பில் எல்லாத் தியேட்டரும் காலத்தால் மூடப்படவில்லை. சிலவற்றுக்குத் தீ வைத்தார்கள்.

கொம்பனித்தெரு ரியோவை எடுத்துக்கொள்ளுங்கள். நவரத்தினம் குடும்பத்தினர் கட்டியது. 1965இல், 70 மில்லிமீட்டர் படம் காட்டும் வசதியோடு திறந்தார்கள். ஏற்கெனவே அவர்களுக்கு நவா தியேட்டர் இருந்தது. ரியோவோடு ஒரு ஹோட்டலும் உயர்ந்தது. அன்றைய கொழும்புக்கு அது ஒரு புதுமை. மேல்மாடியில் நின்றால் வாவியும் நகரமும் ஒன்றாகத் தெரியும். 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான வன்செயலின்போது, கும்பல் வந்தது. ஹோட்டல் எரிந்தது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள், அறைகள் கரி படிந்தபடி, ஜன்னல் சட்டங்கள் இல்லாமல், அந்தக் கட்டடம் நகரத்தின் நடுவில் அப்படியே நின்றது. பக்கத்தில் பஸ் போனது, ரயில் போனது, கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்தன. பிற்காலத்தில் கலைஞர்கள் அந்த எரிந்த அறைகளுக்குள்ளேயே கண்காட்சி வைத்தார்கள். இளம் சிங்களப் பிள்ளைகள் பலர் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தப் படிகளில் ஏறி, இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். ஒரு கட்டடம் கேட்க வைத்த கேள்வி அது. நகரம் தானாக முன்வந்து அதற்குப் பதில் எழுதி வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

கே. குணரத்தினத்தின் கதையும் இதுதான். சினிமாஸ் லிமிட்டெட் நிறுவனத்தின் அதிபர். சிங்களப் படங்கள் பலவற்றைத் தயாரித்தவர். ஹெந்தளையில் அவருடைய விஜயா ஸ்டூடியோவை அதே ஜூலையில் கொளுத்தினார்கள். அங்கே எரிந்த பிலிம் சுருள்களில் பெரும்பகுதி சிங்களப் படங்கள். ஒரு தமிழனின் சொத்து என்று நினைத்து வைத்த தீயில் சிங்கள சினிமாவின் நினைவுதான் பெருமளவு போனது. அதற்குப் பிறகும் அவர் நாட்டை விட்டுப் போகவில்லை. 1989இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஹெந்தளை உங்கள் எல்லைக்குள் வராது என்பது தெரியும். ஆனால் அவருடைய தொழிலின் இதயம் கொழும்பில்தான் இருந்தது.

இதையெல்லாம் பலகையில் எழுதினால் பழைய புண்ணைக் கிளறுவதாகும் என்று சபையில் யாராவது சொல்லக்கூடும். அப்படி நினைக்கிறவர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். எரிந்ததை அறிந்தவர்கள் அந்த வழியால் போகும்போதெல்லாம் அதை நினைக்கத்தான் செய்கிறார்கள். பலகை இல்லாததால் அவர்கள் மறந்துவிடவில்லை. நினைப்பு அவர்களோடு மட்டும் தனியாகக் கிடக்கிறது, அவ்வளவுதான். ‘இது 1983 ஜூலை வன்செயலில் எரிக்கப்பட்டது’ என்று ஒரு வரி எழுதினால் அது குற்றச்சாட்டு ஆகாது, நடந்ததைச் சொல்வதாகும். எந்த இனத்தின் பெயரும் அதில் வேண்டாம். திகதியும் செயலும் போதும்.

நகரத்தின் இரவுக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. அதையும் விட்டுவிட முடியாது, சாதாரண மக்களுக்கு அது தூரமாக இருந்தாலும். காலிமுகத்திடல் ஹோட்டலின் கோக்கனட் குரோவில் 1960களில் ஜெட்லைனர்ஸ் இசைக்குழு வாசித்தது. மிக்னொன் ரத்னம், பிறகு மிக்னொன் பெர்னாண்டோ, அங்கே பாடிப் புகழ் பெற்றவர். கல்கிசையில் லிட்டில் ஹட் இருந்தது. துறைமுகத்துக்கு எதிரே, 1875இல் திறந்த கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல் தப்ரபேன் என்ற பெயரில் இயங்கிய காலத்தில் அங்கே புளூ லெபர்ட் என்ற இரவு விடுதி நடந்தது. டொனோவன் அன்ட்ரே என்ற மனிதர் இரவு விடுதி, கார்னிவல் என்று ஊரையே களியாட்டத்தில் வைத்திருந்தார். டேவ் புரூபெக் 1958இலும் டியூக் எலிங்டன் 1963இலும் இங்கே வந்து ஜாஸ் வாசித்துவிட்டுப் போனார்கள். கோட்டையில் சிலின்கோ கட்டடத்தின் உச்சியில் ஆகாச கடே. வானத்தில் ஒரு கடை, அதில் முட்டை அப்பம்! கொழும்புக்குத்தான் அப்படி ஒரு யோசனை வரும்.

இந்தப் பக்கம் மங்கியதற்குக் காரணங்கள் பல. 1956இல் குதிரைப் பந்தயத்தை நிறுத்தினார்கள். ரீட் அவெனியூவில் பந்தய நாட்களும் அதற்குப் பிந்திய விருந்துகளும் அதோடு போயின. அதே ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு பறங்கியர் குடும்பங்கள் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறின. டிரம்ஸ், சக்ஸபோன் வாசித்த கைகளில் பெரும்பகுதி அந்தக் கப்பல்களில்தான் போனது. அப்புறம் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு, இறக்குமதிக் கட்டுப்பாடு. பிறகு யுத்தம். 1996 ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கியில் விடுதலைப் புலிகளின் குண்டு வெடித்தபோது எதிரே இருந்த சிலின்கோ கட்டடமும் சிதைந்தது. தீ வைத்தது ஒரு தரப்பு மட்டும் அல்ல என்பதை நான் மறைக்க வரவில்லை. அன்று இறந்தவர்கள் எல்லா இனத்தவரும்தான். அதையும் பலகையில் எழுதத்தான் வேண்டும். அதற்குப் பிறகு கோட்டை முழுக்கத் தடுப்பரண்கள். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சோதனைச் சாவடியில் நிற்கிற ஒரு தமிழ் இளைஞனுக்கு இரவு உலா என்ற பேச்சுக்கே இடமில்லை.

தமிழர்களுக்கு அந்த ஆடம்பர மேடைகளில் இடம் குறைவாக இருந்திருக்கலாம். ஆனால் நமக்கென்று ஒரு மேடை இருந்தது. 1970களில் பொப்பிசை என்று ஒன்று எழுந்ததே, அது கொழும்பையே ஆட வைத்தது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் என்று ஒரு வரிசை. வானொலியில் எஸ். பி. மயில்வாகனம் தொடங்கி கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் வரை அறிவிப்பாளர்களே நட்சத்திரங்கள். அவர்கள் மேடை ஏறுகிறார்கள் என்றால் மண்டபம் கொள்ளாது. பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபம், கதிரேசன் மண்டபம், வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபம், இவை கோயில் விழாவும் பரதநாட்டிய அரங்கேற்றமும் மட்டும் கண்டவை அல்ல. பைலா மெட்டில் தமிழ்ச் சொல்லைப் போட்டுப் பாடிய அந்த இசை வேறு எந்த ஊரிலும் பிறந்திருக்காது. சிங்களமும் போர்த்துக்கேய மெட்டும் ஆபிரிக்க வழி வந்த காப்பிரிகளின் தாளமும் யாழ்ப்பாணப் பேச்சும் ஒரே சட்டியில் வெந்தது அது. அந்தப் பாடகர்களும் பிறகு சென்னைக்கும் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சிதறிப்போனார்கள்.

சபை எதையும் செய்யவில்லை, அரசு எதையும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. கோட்டையில் பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலையைத் திருத்தி 2011இல் திறந்தார்கள், அழகாக இருக்கிறது. குதிரைப் பந்தயத் திடலின் பழைய பார்வையாளர் அரங்கும் மீண்டு நிற்கிறது. ஆனால் எது காப்பாற்றப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். வெள்ளைக்காரன் கட்டிய தூண் இருந்தால் அது மரபுரிமை. ஒரு தமிழனோ மேமனோ சிங்கள முதலாளியோ கட்டிய, தகரக் கூரையும் நியோன் விளக்கும் உள்ள தியேட்டர் என்றால் அது வெறும் காணி. இது நியாயமா? இந்த நகரத்தில் மிக அதிகம் பேர் வாழ்நாளில் மிக அதிகம் சந்தோஷமாக இருந்த அறைகள் அந்தத் தியேட்டர்கள்தானே.

இனி, என்ன செய்யலாம் என்பது.

தகவல் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், உங்கள் கட்டடத்திலேயே தேடலாம். 1946ஆம் ஆண்டின் களியாட்ட வரிக் கட்டளைச் சட்டத்தின்படி டிக்கெட் விற்ற ஒவ்வொரு படத்துக்கும் நாடகத்துக்கும் சர்க்கஸுக்கும் கார்னிவலுக்கும் வரி உள்ளூராட்சி மன்றத்துக்கு வர வேண்டும். அப்படியானால் கொழும்பில் எந்தெந்த இடத்தில் எத்தனை ஆண்டுகள் எது நடந்தது என்பதற்கான மிக நம்பகமான சாட்சி மாநகர சபையின் பழைய வரிப் பதிவேடுகள்தான். கட்டடங்களுக்குச் சபை அறவிடும் சோலை வரியின் பதிவேட்டைச் சேர்த்துப் பார்த்தால் உரிமையாளர் பெயரும் எப்போது கைமாறியது என்பதும் தெரியும். 1983க்கு முன்னும் பின்னும் உள்ள பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். அந்தப் பதிவேடுகள் கறையான் அரித்துப் போவதற்கு முன்னால் படம் பிடித்து, பொது நூலகத்தில் யாரும் பார்க்கும்படி வையுங்கள். பல்கலைக்கழகப் பிள்ளைகள் சந்தோஷமாக வந்து வேலை செய்வார்கள்.

இரண்டாவது, மனிதர்கள். புரொஜெக்டர் இயக்கிய ஒப்பரேட்டர்கள், கட்-அவுட் வரைந்த ஓவியர்கள், டிக்கெட் கிழித்தவர்கள், இரவு விடுதியில் பேஸ் கிட்டார் வாசித்தவர்கள். எங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு முதியவர் இருக்கிறார். கார்பன் குச்சி எரித்துப் படம் காட்டிய காலத்தவர். ரீல் மாற்றும்போது திரையின் மூலையில் வரும் புள்ளியைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் தேநீர் ஆறிப்போகும். மூன்று மொழியிலும் பேசுவார். அவரிடம் போய் இதுவரை யாரும் ஒரு ஒலிப்பதிவுக் கருவியை வைக்கவில்லை. இவர்களெல்லாம் எழுபதையும் எண்பதையும் தாண்டியவர்கள். இதை அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்துக்குத் தள்ளிப்போட முடியாது.

மூன்றாவது, இடம். புறக்கோட்டையில் பழைய நகர மண்டபத்தில் சபையின் பழைய இயந்திரங்களை வைத்திருக்கிறீர்கள். அங்கே ஒரு அறையை இதற்கு ஒதுக்குங்கள். ஒரு புரொஜெக்டர், சில டிக்கெட் கட்டுகள், நோட்டிஸ்கள், படமாளிகைக் கதிரைகள் நாலைந்து. வீட்டில் வைத்திருப்பவர்கள் நிச்சயம் கொண்டுவந்து தருவார்கள், பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கை வந்தால்.

பலகைகளை எங்கே தொடங்குவது என்று கேட்டால் என் பதில் இது: கிரவுண், கமினி, ரியோ, எம்பயர். நான்கும் மருதானைக்கும் கொம்பனித்தெருவுக்கும் இடையில், நடந்தே போகக்கூடிய தூரம். தமிழ் வாசகத்தைத் தயவுசெய்து மொழிபெயர்ப்பு இயந்திரத்திடம் விடாதீர்கள். நகரத்தின் பெயர்ப்பலகைகளில் நம் மொழி படும் பாடு உங்களுக்கே தெரியும். தமிழ் எழுதித் தர, சரிபார்த்துத் தர, கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கும் வெள்ளவத்தையிலேயே போதுமான ஆட்கள் இருக்கிறார்கள். கூப்பிட்டால் நானும் வருவேன்.

இந்த மடலுக்குச் சபையின் மாதாந்தக் கூட்டத்தில் பதில் சொல்லுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று சொல்லுங்கள். முடியும் என்றால் முதல் வேலையாகக் கொட்டாஞ்சேனைக்கு ஒரு ஒலிப்பதிவாளரை அனுப்புங்கள். அந்தப் பெரியவரின் வீட்டுக்கு நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வரியிறுப்பாளர்